டஸ்ட் கலெக்டர் இழுக்கவில்லையா? ஃபில்டருக்கு ஆர்டர் போடும் முன் பார்க்க வேண்டியவை

ராணிப்பேட்டை சிப்காட்டிலும் காட்பாடி பக்கத்திலும் பெல் நிறுவனத்துக்கு ஜாப் எடுத்து, அனல் மின் நிலையங்களுக்கான ஈ.எஸ்.பி. (மின்சாரத்தால் புகையின் தூசைப் பிடிக்கும் இயந்திரம்) பாகங்களும் ஃபேன் கேசிங்கும் டக்டும் செய்து அனுப்பும் ஷாப்புகள் ஏராளம். ஊருக்கெல்லாம் தூசு பிடிக்கும் இயந்திரம் செய்கிற இடத்தில், சொந்த ஷெட்டுக்குப் பின்னால் நிற்கும் டஸ்ட் கலெக்டரை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புகை ஷெட்டுக்குள் மிதக்கத் தொடங்கியதும் "ஃபில்டர் போச்சு, மாத்திடலாம்" என்று முடிவாகிவிடுகிறது. இருப்பதிலேயே செலவு அதிகமான பாகம் அது. பழுது வேறெங்கோ இருக்க, புது ஃபில்டரும் மூன்றே மாதத்தில் அதே நிலைக்கு வரும். ஃபில்டரைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். அதற்கு முன் மூன்று ரீடிங் எடுங்கள்.

இங்கே சொல்வதெல்லாம் பல்ஸ் ஜெட் வகைக்கு, அதாவது ஃபில்டரில் படியும் தூசை அழுத்தக் காற்றின் சிறு அடிகளால் (பல்ஸ்) உதறும் வகைக்கு. கார்ட்ரிட்ஜ் (மடிப்பு மடிப்பான உருளை ஃபில்டர்) ஆனாலும் சரி, துணிப் பை ஆனாலும் சரி, ஃபில்டருக்கு அப்புறம் சுத்தக் காற்றுப் பக்கத்தில் பிளோயர் இருக்கும் அமைப்பு. வெல்டிங் புகை, கிரைண்டிங் தூசு, பிளாஸ்மா கட்டிங் ஆகியவற்றுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது.

கதவைத் திறக்கும் முன்

மெயின் ஐசொலேட்டரை ஆஃப் செய்து பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட்டரை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. இம்பெல்லர் முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். பெரிய பிளோயர் நிற்கச் சில நிமிடம் ஆகும். ஹெடர் டேங்கின் (பல்ஸுக்கான அழுத்தக் காற்று நிற்கும் தொட்டி) காற்றை முழுக்க வடித்துவிட்டு கேஜ் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பல்ஸ் டைமருக்கு கரண்ட் இருந்து ஹெடரிலும் காற்று இருந்தால், புளோ டியூப் (ஃபில்டருக்குள் பல்ஸ் காற்றை ஊதும் துளைக்குழாய்) பக்கத்தில் கை வைத்தவருக்கு எச்சரிக்கையே இருக்காது. முகத்தில் கட்டும் கர்ச்சீஃப் வெல்டிங் தூசைத் தடுக்காது. குறைந்தது என்-95 மாஸ்க்; எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலை நடக்கும் ஷாப்பில் பி-100.

மூன்று ரீடிங்

கேஜ் இல்லையே என்று நிற்க வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் லெவல் டியூப் 4 மீட்டர் வாங்குங்கள். ஒரு பிளைவுட் பலகையில் அதை யு வடிவில் வளைத்து, இரண்டு கால்களும் அரை மீட்டர் உயரம் இருக்கும்படி கிளாம்ப் அடியுங்கள். நடுவில் ஸ்டீல் ஸ்கேல். பாதி உயரத்துக்குத் தண்ணீர், கண்ணுக்குத் தெரிய ஒரு சொட்டு நீல மை. ஒரு முனையை அளக்க வேண்டிய ஓட்டையில் செருகி, மறு முனையைத் திறந்து விட்டால், இரண்டு கால்களிலும் நிற்கும் தண்ணீரின் உயர வித்தியாசம் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் அழுத்தம். இதற்கு பேட்டரியோ காலிபரேஷனோ வேண்டாம்.

முதலாவது ஃபில்டர் ரீடிங். டியூபின் ஒரு முனை ஃபில்டருக்கு முன்னுள்ள தூசு அறையில், மறு முனை மேலே சுத்தக் காற்று அறையில். புது கார்ட்ரிட்ஜ் என்றால் 25 முதல் 40 மி.மீ. காட்டும். நன்றாக ஓடும் கலெக்டரில் 50 முதல் 125 வரை இருக்கும். 150 தாண்டி அங்கேயே நின்றால் கோளாறு.

இரண்டாவது இன்லெட் ரீடிங். கலெக்டருக்குள் நுழையும் மெயின் டக்டில், வளைவு இல்லாத நேரான இடத்தில் 3 மி.மீ. ஓட்டை போட்டு, உள்பக்கப் பிசிறை எடுத்துவிட்டு, வெளிக்காற்றோடு ஒப்பிட்டு அளப்பது. இந்த எண் ஷாப்புக்கு ஷாப் மாறும். நன்றாக ஓடும் ஒரு நாளில் எடுத்து பேனல் கதவின் உள்பக்கத்தில் பெயிண்ட் மார்க்கரால் எழுதி வைத்தால்தான் பின்னால் உதவும்.

மூன்றாவது மோட்டார் ஆம்ஸ். டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி கரண்ட் அளக்கும் மீட்டர்) மூன்று ஃபேஸையும் தனித்தனியே பாருங்கள்.

ஒவ்வொரு ஹூட்டின் (வேலை இடத்தில் புகையை இழுக்கும் வாய்) கழுத்திலும் இதே போல ஓட்டை போட்டு ஒரு ரீடிங் எழுதி வைத்தால் இன்னும் நல்லது. அங்கே காற்றின் அளவு, அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. முன்பு 50 மி.மீ. காட்டிய ஹூட் இன்று 32 காட்டினால், காற்று 80 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. எந்த ஹூட்டில், எவ்வளவு குறைந்தது என்பது ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: எல்லா ஹூட்டிலும் இழுவை குறைவு, ஃபில்டர் ரீடிங் அதிகம்

தூசு ஃபில்டரில் ஏறுகிறது, இறங்கவில்லை. இதற்கு ஃபில்டர் காரணமாக இருப்பதைவிட, அதை உதற வேண்டிய காற்று சரியாக வராததே அடிக்கடி காரணம். கீழ்க்காணும் வரிசையிலேயே பாருங்கள்.

1. ஹெடர் கேஜ். 5 முதல் 6 பார் இருக்க வேண்டும். காலையில் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லாதீர்கள். ஏர் கிரைண்டர்கள் எல்லாம் ஓடும் நேரத்தில், ஐந்தாறு பல்ஸ் தொடர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பல்ஸுக்கும் முள் சட்டென்று இறங்கி, அடுத்த பல்ஸுக்கு முன் பழைய இடத்துக்கு ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால், பெரும்பாலும் அரை அங்குல ஹோஸ் ஒன்று கிரைண்டர் லைனிலிருந்து டி போட்டு இழுக்கப்பட்டிருக்கும். ஹெடருக்குத் தனி லைன், குறைந்தது 1 அங்குலம். அது முடியும்வரை டைமரில் பல்ஸ் இடைவெளியைக் கூட்டி வையுங்கள்.

2. காதால் கேளுங்கள். நல்ல பல்ஸ் "டப்" என்று வெட்டினாற்போல் முடியும். "புஸ்ஸ்" என்று இழுத்தால் டயாப்ரம் (வால்வைத் திறந்து மூடும் ரப்பர் தகடு) கிழிந்திருக்கிறது அல்லது வால்வு முழுதாகத் திறக்கவில்லை. எட்டு வால்வு இருந்தால் ஒரு சுற்றில் எட்டு சத்தம் வர வேண்டும். விரல் விட்டு எண்ணுங்கள். மௌனமாகக் கடந்து போகும் வரிசை எது என்று சாக்பீஸால் குறியுங்கள்.

3. சத்தமே வராத வால்வு. பல்ஸ் வரும் நேரத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையை சோலனாய்டு காயில் மேல் வைத்தால் காந்தம் இழுப்பது கையில் தெரியும். இழுத்தால் காயில் நல்லது. டயாப்ரமோ பைலட் துளையில் அடைத்த துருவோ காரணம். இழுக்காவிட்டால் காயிலுக்கு வோல்டேஜ் வருகிறதா பாருங்கள். 230 வோல்டா 24 வோல்டா என்று காயிலிலேயே அச்சிட்டிருக்கும். வோல்டேஜ் வந்தும் இழுக்காவிட்டால் காயில் போச்சு. வோல்டேஜே வராவிட்டால் டைமர் கார்டு அல்லது ஒயர். கார்டு மாற்றிய புதிதில் கடைசி இரண்டு வால்வு மட்டும் அடிக்கவில்லை என்றால், எத்தனை வால்வு என்று தேர்வு செய்யும் ஜம்பரைத் தவறான இடத்தில் போட்டிருப்பார்கள்.

4. எல்லா வால்வும் ஒரே நேரத்தில் சீறுகிறது, ஹெடரில் பிரஷரே ஏறவில்லை. உடனே எல்லா டயாப்ரமும் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். டயாப்ரம் மூடி உட்காருவதற்கே ஓரளவு பிரஷர் தேவை. காலையில் கம்ப்ரஸர் மெதுவாக ஏறும்போது காற்று மெல்ல மெல்ல வந்தால் வால்வுகள் பாதி திறந்தபடியே தொங்கும். ஹெடருக்கு வரும் வால்வை மூடி, கம்ப்ரஸரில் 6 பார் ஏறிய பிறகு ஒரே வீச்சில் திறந்து பாருங்கள். எல்லாம் டக்கென்று மூடினால் டயாப்ரம் நல்லதுதான். அப்போதும் ஒன்றிரண்டு சீறினால் அவற்றின் கிட்டை மட்டும் மாற்றினால் போதும்.

5. டைமர் செட்டிங். பல்ஸ் நேரம் 100 முதல் 150 மில்லிசெகண்ட், இடைவெளி 10 முதல் 30 செகண்ட். நேரத்தை 500 மில்லிசெகண்டாக்கினால் நன்றாக உதறும் என்று கூட்டி வைப்பது பரவலான பழக்கம். உதறுவது முதல் அதிர்ச்சிதான். அதற்குப் பின் வரும் காற்று வீண், கூடவே ஹெடரும் காலியாகி அடுத்த வரிசை சோர்ந்துவிடும்.

6. புளோ டியூப். ஃபில்டர் மாற்றிய பிறகே கோளாறு தொடங்கியது என்றால் முதலில் இங்கே பாருங்கள். டியூபை மாட்டும்போது துளைகள் கீழே பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும், அல்லது டியூப் வளைந்து துளை ஃபில்டரின் நடு மையத்துக்கு நேராக இல்லாமல் போயிருக்கும். ஒரு நேரான வெல்டிங் ராடைத் துளைக்குள் விட்டால் எங்கே காட்டுகிறது என்று தெரியும்.

இவ்வளவும் சரி என்றால், பிளோயரை நிறுத்திவிட்டு மூன்று நான்கு சுற்று பல்ஸ் மட்டும் ஓடவிடுங்கள். பிறகு பிளோயரைப் போட்டு ஃபில்டர் ரீடிங் பாருங்கள். 100-க்குக் கீழே வந்தால் ஃபில்டருக்கு உயிர் இருக்கிறது. ஓடும்போது மேல்நோக்கி ஏறும் காற்றின் வேகம் உதிர்ந்த தூசைக் கீழே விழ விடாமல் திரும்ப ஒட்டவைக்கிறது; இருக்கிற ஃபில்டர் பரப்புக்குக் காற்று அதிகம் என்று அர்த்தம். வெல்டிங் புகைக்கு கார்ட்ரிட்ஜில் ஒரு சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 0.6 கன மீட்டர் அளவில் நிறுத்துவது பாதுகாப்பு. முதலில் எட்டு ஹூட் இருந்ததில் பிறகு நான்கு சேர்த்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல்ஸ் அடித்தும் ரீடிங் இறங்காவிட்டால் ஒரு ஃபில்டரைக் கழற்றி மடிப்புக்குள் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிராமல் பசையாக இழுத்தால், அல்லது அட்டையாகப் பிடித்திருந்தால், இப்போது புது ஃபில்டருக்கு ஆர்டர் போடலாம். பசை எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடித்த பிறகு.

அறிகுறி: இழுவை குறைவு, ஃபில்டர் ரீடிங்கும் குறைவு

முதலில் கேஜையே சந்தேகப்படுங்கள். தூசுப் பக்கத்து டியூப் அடைத்துக்கொண்டால் கேஜ் எப்போதும் நல்ல எண்ணையே காட்டும். டியூபைக் கேஜிலிருந்து கழற்றிவிட்டுத்தான் ஊத வேண்டும். மாட்டியபடியே 6 பார் ஊதினால் கேஜின் உள் டயாப்ரம் கிழிந்துவிடும்.

கேஜ் சரி என்றால் இன்லெட் ரீடிங்கைப் பாருங்கள்.

அது வழக்கத்தைவிட *அதிகமாக* இருந்தால் டக்ட் அடைப்பு. ஹூட்டுக்கும் நீங்கள் அளக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. மோட்டார் ஆம்ஸும் குறைந்திருக்கும். "கரண்ட் கம்மியா எடுக்குது, நல்லதுதானே" என்று விட்டுவிடுவதும் இங்கேதான். மரச் சுத்தியலால் டக்டின் அடிப்பக்கம் தட்டிக்கொண்டே போங்கள். காலியான இடம் கணீரென்று ஒலிக்கும், தூசு படிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். பெண்டுக்கு அப்புறம் உள்ள முதல் ஒரு மீட்டர், கிளை சேரும் இடம், தொய்ந்து தொங்கும் ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ், இந்த மூன்றும்தான் வழக்கமான இடங்கள்.

எடுத்துவிட்டால் மறுபடி அடைக்கும், காரணத்தைத் தீர்க்காவிட்டால். தூசு டக்டில் மிதந்து போக ஒரு குறைந்தபட்ச வேகம் வேண்டும்: வெல்டிங் புகைக்கு செகண்டுக்கு 10 முதல் 13 மீட்டர், கிரைண்டிங் தூசுக்கு 18 முதல் 20, ஷாட் பிளாஸ்டிங்குக்கு 20-க்கு மேல். 150 மி.மீ. டக்டில் 20 மீட்டர் வேகத்தில் மணிக்கு ஏறத்தாழ 1,270 கன மீட்டர் காற்று போகும். பெரிய டக்ட் என்றால் இழுவை கூடும் என்று நினைத்து அதே காற்றுக்கு 200 மி.மீ. டக்ட் மாட்டினால் வேகம் 11 மீட்டருக்கு விழும். கிரைண்டிங் தூசு வழியிலேயே படுத்துவிடும். டக்ட் நாமே வளைத்து நாமே வெல்ட் செய்வதுதான், எது கையில் இருக்கிறதோ அதை மாட்டிவிடுகிற ஆசை இங்கே கொஞ்சம் அதிகம். கிளைகள் 90 டிகிரியில் நேராக முட்டக் கூடாது. காற்று போகும் திசையில் 30 டிகிரி சாய்த்துச் சேருங்கள். பெண்டின் மைய ஆரம் டக்ட் விட்டத்தைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு.

இன்லெட் ரீடிங்கும் *குறைவாக* இருந்தால் பிளோயர் பக்கம் போங்கள். ஈ.பி. டிரான்ஸ்ஃபார்மரில் வேலை நடந்த மறுநாளோ, மோட்டார் ரீவைண்டிங் போய் வந்த பிறகோ இழுவை குறைந்தது என்றால், சுழலும் திசை மாறியிருக்கும். சென்ட்ரிஃபியூகல் பிளோயர் தலைகீழாகச் சுற்றினாலும் ஹூட்டில் இழுக்கத்தான் செய்யும், ஆனால் மிகக் குறைவாக. அதனால்தான் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. ஒரு நொடி ஆன் செய்து ஆஃப் செய்து, ஷாஃப்ட் கேசிங்கில் உள்ள அம்புக்குறி திசையில் திரும்புகிறதா பாருங்கள். மாறியிருந்தால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிப் போடுங்கள். வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் அதன் அவுட்புட் பக்கத்தில்தான் மாற்ற வேண்டும். இன்புட்டில் மாற்றினால் ஒன்றும் நடக்காது.

திசை சரியென்றால் பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவில் ஒரு மீட்டர் இடைவெளிக்கு 16 மி.மீ. அமுங்கலாம், 800 மி.மீ. இடைவெளி என்றால் 13 மி.மீ. மூன்று பெல்ட் ஓடும் இடத்தில் அறுந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், செட்டாக மாற்றுங்கள்; பழையது நீண்டிருக்கும், புதியது ஒன்றே மொத்தச் சுமையையும் தாங்கி அறுந்துவிடும். இழுவை போதவில்லை என்று மோட்டார் புல்லியைப் பெரிதாக்கும் முன் ஒரு கணக்கு: வேகம் 10 சதவீதம் கூடினால் மோட்டார் மேல் சுமை 33 சதவீதம் கூடும்.

இதிலும் பிடிபடாவிட்டால் பிளோயருக்கு அருகில் உள்ள டேம்பர் (காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் தகடு), திறந்து கிடக்கும் இன்ஸ்பெக்ஷன் கதவு, ஹாப்பர் (உதிர்ந்த தூசு சேரும் கூம்பு) டிரம்மின் மூடி என்று காற்று குறுக்கு வழியில் நுழையும் இடங்களைத் தேடுங்கள். எரியும் ஊதுவத்தியை இணைப்புகளின் ஓரமாகக் கொண்டு போனால் புகை உள்ளே இழுக்கப்படும் இடம் காட்டிவிடும். அலுமினியத் தூசு இருக்கும் கலெக்டரில் ஊதுவத்தி கூடாது. மெல்லிய துணி நூல் போதும்.

அறிகுறி: ஒரு பேயில் (ஷெட்டின் ஒரு வேலைப் பகுதியில்) மட்டும் புகை தங்குகிறது

கலெக்டரை விட்டுவிட்டு அந்த வெல்டரின் பக்கத்தில் நில்லுங்கள். கத்திரி வெயில் மாதத்தில் வேலூர் பக்கத்து ஷீட் கூரை ஷெட்டில் பெடஸ்டல் ஃபேன் இல்லாமல் வேலை நடக்காது. அந்த ஃபேன் வெல்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து வீசி, ஹூட்டுக்குப் போக வேண்டிய புகையைப் பக்கத்து பேய்க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஹூட் புகையைப் பிடிக்கும் வேகம் செகண்டுக்கு அரை மீட்டர்தான். ஃபேன் காற்று அதைப் போல் பல மடங்கு. ஃபேனைப் பிடுங்கிவிட்டால் மனிதன் வேலை செய்ய முடியாது. பக்கவாட்டுக்குத் திருப்பி, ஹூட்டுக்கும் ஜாபுக்கும் நடுவே வீசாதபடி ஒரு வெல்டிங் திரையைத் தடுப்பாக வையுங்கள்.

அடுத்தது தூரம். 250க்கு 400 மி.மீ. வாய் உள்ள ஹூட், 300 மி.மீ. தள்ளியிருக்கும் ஆர்க்கைப் பிடிக்க மணிக்கு 1,800 கன மீட்டர் காற்று போதும். அதையே 600 மி.மீ. தள்ளிவைத்தால் 6,600-க்கு மேல் வேண்டும். கையை நகர்த்துகிற சோம்பலுக்கு எந்த பிளோயரும் ஈடு கொடுக்காது.

பிளாஸ்ட் கேட்டை (கிளை டக்டின் காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டை) யாரோ திருகியிருந்தாலும் இதே அறிகுறிதான். சரிசெய்த நிலையில் ஒரு போல்ட் போட்டு டேக் வைத்துவிடுங்கள்.

அறிகுறி: சிம்னியில் தூசு தெரிகிறது

எப்போது வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு பல்ஸுக்கும் பிறகு வருகிறதா? டைமரில் எந்த வரிசையின் விளக்கு எரியும்போது புகை குப்பென்று வருகிறது என்று கவனித்தால், ஓட்டை அந்த வரிசையில் இருக்கிறது. தொடர்ந்து வந்தால் பை கழன்றிருக்கும் அல்லது ஒன்று முழுதாகக் கிழிந்திருக்கும். புது ஃபில்டர் போட்ட சில மணி நேரத்துக்கு லேசாக வருவது இயல்பு. மேற்பரப்பில் முதல் தூசுப் படலம் படியும்வரை நுண்துகள் நழுவும். அந்த நேரத்தில் பல்ஸை நிறுத்தி வைத்து, ரீடிங் 75 தாண்டிய பிறகு தொடங்குங்கள். ஓயாமல் பல்ஸ் அடித்தாலும் இந்தப் படலம் நிற்காது. கலெக்டரில் தேவைக்கேற்ற பல்ஸ் வசதி இருந்தால் 100-ல் தொடங்கி 75-ல் நிற்கும்படி வையுங்கள்.

ஓட்டை எது என்று கண்டுபிடிக்க, சுத்தக் காற்று அறையைத் துடைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டி, திறந்து பாருங்கள். டியூப் ஷீட்டில் (ஃபில்டர்கள் மாட்டியிருக்கும் தகடு) ஒழுகும் ஃபில்டரைச் சுற்றி மட்டும் தூசு வட்டமாகத் தெறித்திருக்கும். அதிலும் தெரியாவிட்டால் ஃப்ளோரசன்ட் லீக் பவுடர், 100 சதுர மீட்டர் ஃபில்டருக்கு அரை கிலோ. ஹூட்டில் கொட்டி, ஒரு நிமிடம் ஓட்டி, நிறுத்தி, புற ஊதா டார்ச் அடித்தால் ஒழுகல் பளிச்சென்று மின்னும்.

பை கிழிந்த இடமே காரணத்தைச் சொல்லும். மேல் பகுதியில் தேய்ந்திருந்தால் புளோ டியூப் கோணல். அடியில் என்றால் பைக்குள் இருக்கும் கம்பிக்கூண்டு வளைந்து பைகள் ஒன்றோடொன்று உரசுகின்றன. இன்லெட்டைப் பார்த்த பக்கம் மட்டும் என்றால் உள்வரும் காற்றை மறிக்கும் பேஃபிள் தகடு தேய்ந்து ஓட்டையாகியிருக்கும். கார்ட்ரிட்ஜில் பழைய கேஸ்கட் மேல் புது கேஸ்கட் வைத்து இரட்டையாக இறுக்கியவர்கள் ஒழுகலைத் தாங்களே வரவழைத்தவர்கள்.

துகள் அளவுக்கான பொது வரம்பு 150 மி.கி. ஒரு கன மீட்டருக்கு. உங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியில் அதைவிடக் குறைவாக எழுதியிருக்கலாம், அதைத்தான் பார்க்க வேண்டும். எஸ்.எஸ். வெல்டிங் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் உண்டு. பழைய குரோமேட் ஆலையின் கழிவு குவிந்த ராணிப்பேட்டையில் குரோமியத்தை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் காற்றை ஷெட்டுக்குள் திருப்பி விடாமல் சிம்னிக்கே அனுப்புங்கள். ஹாப்பர் தூசை ஏரிக்கரையில் கொட்டவும் கூடாது. அது அபாயகரக் கழிவு.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தகராறு

வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஃபில்டர் ரீடிங் ஏறும், தை பிறந்ததும் தானே இறங்கும் என்றால் ஈரம். ஹெடரின் அடி டிரெய்னைத் திறந்து வெள்ளைத் தாளைக் காட்டுங்கள். தாள் நனைந்தால் ஒவ்வொரு பல்ஸும் ஃபில்டருக்குத் தண்ணீர் தெளிக்கிறது. கம்ப்ரஸர் டேங்கை மழைக்காலத்தில் ஷிஃப்டுக்கு இரண்டு முறையாவது வடியுங்கள், ஆட்டோ டிரெய்ன் இருந்தாலும் கையால் ஒருமுறை பாருங்கள். மெயின் ஏர் லைனிலிருந்து ஹெடருக்குக் கிளையைக் குழாயின் மேற்பக்கத்திலிருந்து எடுத்து வளைத்துக் கீழே இறக்க வேண்டும். அடியிலிருந்து எடுத்தால் தண்ணீர்தான் முதலில் வரும். ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் ஒன்று போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீரும்.

வேலை முடிந்ததும் பட்டென்று ஆஃப் செய்யாமல் 10 நிமிடம் வெறுங்காற்றில் ஓட்டி, பிளோயரை நிறுத்திய பின் இரண்டு மூன்று சுற்று பல்ஸ் கொடுத்து, ஹாப்பரைக் காலி செய்துவிட்டுப் போங்கள். இரவெல்லாம் ஹாப்பரில் கிடக்கும் தூசு ஈரம் குடித்துக் காலையில் பாறையாக நிற்கும். பிறகு சுத்தியல். ஹாப்பர் தகட்டில் விழும் ஒவ்வொரு பள்ளமும் உள்பக்கம் ஒரு மேடு. அடுத்த அடைப்பு அந்த மேட்டில்தான் தொடங்கும்.

காகித மீடியா (ஃபில்டரில் வடிகட்டும் பொருள்) ஈரத்தில் ஊறி வலுவிழக்கும். மழையில் தொல்லைப்படுபவர்கள் அடுத்த முறை ஸ்பன்பாண்ட் பாலியஸ்டர் கேளுங்கள். கார்ட்ரிட்ஜை வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் கழுவி வாங்குவது காகித மீடியாவுக்கு மரண தண்டனை.

அறிகுறி: ஃபில்டர் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை

மடிப்பில் பசை என்றால் எண்ணெய். ஷீட்டின் மேல் வரும் துருத்தடுப்பு எண்ணெயைத் துடைக்காமல் கட் செய்வதும் ஆன்டி-ஸ்பேட்டரை (வெல்டிங் தெறிப்பு ஒட்டாமலிருக்க அடிக்கும் திரவம்) தாராளமாக அடிப்பதும்தான் காரணங்கள். எண்ணெயைத் தவிர்க்க முடியாத வேலை என்றால், புது ஃபில்டருக்குச் சுண்ணாம்புக்கல் பொடியால் முதல் பூச்சு கொடுங்கள்: பல்ஸ் ஆஃப், பிளோயர் ஆன், கலெக்டருக்கு அருகில் உள்ள டக்ட் வழியாகப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஃபில்டர் ரீடிங் சற்றே ஏறியதும் நிறுத்துங்கள்.

மடிப்பில் பசை இல்லை, ஆனால் ஒழுகுகிறது என்றால் கார்ட்ரிட்ஜை இருட்டுக்குக் கொண்டுபோய் உள்ளே டார்ச் விடுங்கள். குண்டூசி முனை போல ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் பொறி. கிரைண்டரின் வீல் நேராக ஹூட் வாயைப் பார்த்திருந்தாலோ பிளாஸ்மா டேபிளிலிருந்து டக்ட் மிகக் குட்டையாக இருந்தாலோ இது வரும். இன்லெட்டுக்கு முன் பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் போடுங்கள். அதன் அடியில் சேரும் துகளை வாரம் ஒருமுறை எடுக்காவிட்டால் அதுவே அடைப்பாகும்.

அறிகுறி: தீய்ந்த வாசனை, ஃபில்டர் அறையின் பெயிண்ட் கொப்பளிக்கிறது

உள்ளே எரிகிறது. வரிசை இதுதான்: பிளோயரை நிறுத்துங்கள். ஹெடர் காற்றை மூடுங்கள், பல்ஸ் அடித்தால் தூசு மேகமாகி வெடிக்கலாம். டேம்பர்களை மூடுங்கள். ஆட்களை வெளியேற்றி 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கதவைத் திறந்து பார்க்கவே கூடாது. திறந்த நொடியில் காற்று புகுந்து தீ முகத்துக்கே வரும்.

அலுமினியம் தனி விஷயம். அலுமினியத் தூசையும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) கிரைண்டிங் தூசையும் ஒரே கலெக்டருக்கு விடக் கூடாது. இரும்பு ஆக்சைடும் அலுமினியமும் சேர்ந்தால் அது தெர்மிட். ஒரு பொறி பட்டால் 2,000 டிகிரிக்கு மேல் எரியும். "இந்த ஒரு ஜாப் மட்டும்தான் அலுமினியம்" என்பதற்கு விலக்கு கிடையாது. அலுமினியத் தூசு ஈரமானால் ஹைட்ரஜன் விடும், அதனால் மூடிய டிரம்மில் ஈரத்தூசைத் தேக்கக் கூடாது. தீப்பிடித்தால் தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு, சாதாரண ஏ.பி.சி. பவுடர் எதுவும் கூடாது. உலோகத் தீக்கான டி வகை பவுடர் அல்லது முழுக்க உலர்ந்த மணல், அதையும் வீசாமல் மெல்லப் போட வேண்டும். வெடிப்பு வென்ட் இல்லாத சாதாரண கலெக்டரை அலுமினியத்துக்கு வைத்திருப்பவர்கள் ட்ரபிள்ஷூட்டிங் பார்க்க வேண்டாம், வேலையை நிறுத்திவிட்டு வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: பிளோயர் அதிர்கிறது, மோட்டார் டிரிப் ஆகிறது

இம்பெல்லரில் தூசு ஒட்டியிருந்தால் அதிரும். சுத்தக் காற்றுப் பக்கத்து இம்பெல்லரில் தூசு எப்படி வந்தது? ஃபில்டர் ஒழுகுகிறது. துடைத்து பேலன்ஸ் செய்வதோடு விடாமல் ஒழுகலையும் அடையுங்கள். காங்கிரீட் அடித்தளத்தில் உறுதியாக நிற்கும் பிளோயருக்கு பேரிங்கில் அதிர்வு செகண்டுக்கு 4.5 மி.மீ. வரை நல்லது, 7.1 வந்தால் கவனிக்க வேண்டும். 9 வந்தால் நிறுத்த வேண்டும்.

டிரிப் ஆகும் மோட்டாரில் ஆம்ஸ் மூன்று ஃபேஸிலும் ஒரே அளவு அதிகமா? காற்று அளவுக்கு மேல் போகிறது. கதவு திறந்திருக்கிறது, ஒரு ஃபில்டர் மாட்டப்படவில்லை, அல்லது புது ஃபில்டர் போட்ட பிறகு டேம்பரைக் குறைக்க மறந்திருக்கிறார்கள். டேம்பரைச் சற்று மூடினால் ஆம்ஸ் இறங்கும். ஒரு ஃபேஸ் மட்டும் தனியே நின்றால் ஒயரிங் அல்லது சப்ளை. கோடையில் மதியம் மட்டும் டிரிப் ஆனால் வோல்டேஜை அளந்து பாருங்கள்.

ஸ்டோரில் எப்போதும் இருக்க வேண்டியவை: வால்வுக்கு ஏற்ற டயாப்ரம் கிட் இரண்டு, காயில் இரண்டு, ஒரு டைமர் கார்டு, ஒரு செட் பெல்ட், கதவுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் கேஸ்கட். இவை எல்லாம் சேர்ந்தும் ஒரு செட் கார்ட்ரிட்ஜின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. ஐப்பசி தொடங்கும் முன் வாங்கி வையுங்கள். காயில் ஈரத்தில் போகும் காலம் அதுதான்.